ஸ்டெல்த் விமானம் எங்கே மாட்டிக்கொள்ளும்?

சிங்கப்பூர் ஆகாயப் படை 12 எஃப்-35பி, 8 எஃப்-35ஏ என மொத்தம் 20 போர் விமானங்களை வாங்குகிறது. இவை ஸ்டெல்த் விமானங்கள், அதாவது ரேடாரில் எளிதில் படாதபடி வடிவமைத்தவை. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் 'ரேடாருக்கே தெரியாது' என்ற பேச்சும் கூடவே வருகிறது. தெரியும். எவ்வளவு கிட்டே வந்தபின் தெரியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரேடார் அலை விரிந்துகொண்டே போய் விமானத்தில் படுகிறது. பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படியே விரிந்து தேய்கிறது. போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒரு தேய்மானம், வரும்போது இன்னொன்று. இரண்டும் பெருகி, எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தேய்கிறது. ஆகவே எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஒடுக்கினால்தான் கண்டுபிடிக்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அத்தனை பாடுபட்டு இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் 400 கிலோமீட்டரில் தெரியவேண்டிய விமானம் 40 கிலோமீட்டரில்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்தால், எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் 27 நிமிட அவகாசம் மூன்று நிமிடத்துக்கும் கீழே போய்விடும். ஸ்டெல்த்துக்குக் கொட்டும் பணமெல்லாம் இந்த நிமிடங்களுக்காகத்தான்.

இந்தக் கணக்கு எல்லா ரேடாரிடமும் ஒன்றுபோல் பலிக்காது. சாய்ந்த பரப்புகள் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன, மேற்பூச்சு மிச்சத்தை உறிஞ்சுகிறது. ஏவுகணைக்கு வழிகாட்டும் ரேடார்களின் சில சென்டிமீட்டர் அலைகளை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. அலைநீளம் இரண்டு மீட்டர் அளவுக்குப் போனால் வால் இறக்கையின் நீளமும் அலையின் நீளமும் நெருங்கிவிடும். அப்போது வடிவம் பெரிதாகக் கைகொடுக்காது, மெல்லிய பூச்சாலும் பயனில்லை.

1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் ஒன்று விழுந்தது. வீழ்த்தியது சோவியத் காலத்து எஸ்-125 ஏவுகணை. முதலில் கண்டுகொண்டது பி-18 என்ற பழைய மீட்டர் அலை ரேடார். இதைக் காட்டி ஸ்டெல்த்தே வீண் என்று சொல்வோர் உண்டு, அதை நான் ஏற்கவில்லை. நீண்ட அலை 'அந்தப் பக்கம் ஏதோ வருகிறது' என்று சொல்லுமே தவிர, ஏவுகணையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்கு இடத்தைத் துல்லியமாகக் காட்டாது. அதற்குச் சென்டிமீட்டர் அலை ரேடாரே வேண்டும். அந்த இரவில் விமானம் அதற்கும் எட்டும் அளவுக்கு நெருங்கியிருந்தது.

மற்ற வரம்புகள் எளிதில் புரிபவை. குண்டுகளை வயிற்றறைக்குள் வைத்தால் எண்ணிக்கை குறையும். இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டால் எதிரொலி கூடும். எஞ்சினின் வெப்பத்தை அகச்சிவப்பு உணரிகள் பார்த்துவிடும்.

பலரும் பேசாத வரம்பு ஒன்று உண்டு. விமானம் தன் ரேடாரை முடுக்கினால் அந்த அலையே அதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். அதனால் அது பெரும்பாலும் வாயடைத்து, பிறர் அனுப்பும் தகவலைக் கேட்டுப் பறப்பதே நல்லது. சிங்கப்பூரிடம் ஏற்கெனவே உள்ள ஜி550 முன்னெச்சரிக்கை விமானங்களும் (ரேடாரைச் சுமந்து பறந்து தூரத்தில் வருவதைக் கண்காணிப்பவை) தரை ரேடார்களும் அந்தத் தகவலைத் தர வேண்டியிருக்கும்.