மூழ்கும்போது நுரையீரலுக்குள் தண்ணீர் ஏன் பாய்வதில்லை?

தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தும்போது மூக்கின் இரு துவாரங்களும் திறந்தேதான் இருக்கின்றன. திமிங்கிலத்தின் ஊதுதுளை, தசைகள் தளர்ந்த நிலையில் தானாகவே மூடியிருக்கும். திறப்பதற்குத்தான் அது தசையை இயக்க வேண்டும். நமக்கு அந்த வசதி இல்லை. அப்படியிருந்தும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடாததற்கு முதற்காரணம், அங்கே ஏற்கெனவே காற்று இருப்பதுதான்.

ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் நேராக அமுக்கினால், உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. மூக்கிலிருந்து நுரையீரல் வரை நிறைந்துள்ள காற்றும் அவ்வாறே நிற்கிறது. தலைகீழாகவோ மல்லாந்தோ மூழ்கினால் மட்டும் மூக்கில் தண்ணீர் ஏறுவது ஏனென்றால், துவாரங்கள் மேல்நோக்கியிருக்கும்போது காற்று குமிழிகளாகத் தப்பிவிட, அது விட்ட இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. நீருக்குள் குட்டிக்கரணம் அடித்துத் திரும்பும் நீச்சல் வீரர்கள் மூக்கு வழியே மெல்ல ஊதிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆழம் கூடும்போது டம்ளரிலிருந்து உடல் வேறுபடுகிறது: 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கும், ஆனால் விலாக்கூடு உள்வாங்கி, உதரவிதானம் மேலேறி, மார்பின் இரத்த நாளங்களில் கூடுதல் இரத்தம் நிறைந்து அந்த வெற்றிடத்தை ஈடுகட்டுவதால், சுருங்கிய காற்றைத் தொடர்ந்து தண்ணீர் நுரையீரலுக்குள் இழுக்கப்படுவதில்லை.

இரண்டாவது காவல் குரல்வளை. பேச்சுக்காகவே அமைந்ததுபோல் நாம் நினைக்கும் குரல் நாண்களின் அடிப்படை வேலை, மூச்சுக்குழாயின் வாயிலை அடைப்பதே. அந்த வாயிலைச் சுற்றியுள்ள சளிப்படலத்தில் ஒரு துளி நீர் பட்டாலும், வேகஸ் நரம்பின் கிளை ஒன்று அச்செய்தியை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கு எட்டச் செய்ய, நாண்கள் இறுக மூடுகின்றன. பிறகு இருமல் வெடித்து, உள்ளே வந்ததை வெளியே தள்ளுகிறது. சாப்பிடும்போது புரையேறுவதும் இதே அனிச்சைச் செயல்தான். சில சமயம் அந்த இறுக்கம் தளராமல் நீடித்து, நீரோடு காற்றையும் சேர்த்தே தடுத்துவிடும்.

எனினும், இவ்விரண்டும் நாம் மூச்சை இழுக்காதவரைக்குமே பயன்படும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மூச்சடக்கியிருக்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. அதை உணரும் மூளைத்தண்டு, நம் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் உதரவிதானத்தைத் துடிக்கச் செய்கிறது. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுவோர் இந்த எச்சரிக்கையைத்தான் அணைத்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் அதிகமாகச் சேர்வதில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைவதால், மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே நினைவு தப்பிவிடக்கூடும். நினைவிழந்த உடலில் மூச்சடக்கும் முயற்சி நின்றுபோக, மூச்சு தானாகத் தொடங்குகிறது; ஆக்சிஜன் குறையக் குறைய குரல்வளையின் இறுக்கமும் தளர்கிறது. திடீரெனக் குளிர்ந்த நீரில் விழுந்தவரோ, நினைவோடிருக்கும்போதே தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுத்துவிடுகிறார்.

அவ்வாறு உள்ளே போகும் தண்ணீர், நுரையீரல் நிறையும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. காற்று நுண்ணறைகளின் உட்புறத்தில், பரப்பு இழுவிசையைக் குறைத்து அவற்றை விரிந்தபடியே வைத்திருக்கும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. சிறிதளவு நீரும் அதைக் கழுவிக் குலைத்துவிட, நுண்ணறைகள் ஒட்டிச் சுருங்குகின்றன. கரையேற்றப்பட்டவர் தெளிவாகப் பேசினாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவர்கள் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பது இந்தப் பாதிப்பு மெதுவாக வெளிப்படக்கூடும் என்பதால்தான்.