‘குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’: களைப்பா, ஆறாச் சோர்வா?

‘நாள்பட்ட களைப்பு நோய்க்குறி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். இதில் பின்னிரண்டு சொற்களும் இடறுகின்றன.

நோய்க்குறி என்பது சிம்ப்டம். இருமல் ஒரு நோய்க்குறி. ‘சிண்ட்ரோம்’ கிரேக்கச் சொல். ‘சின்’ என்றால் கூட, ‘ட்ரோமோஸ்’ என்றால் ஓட்டம். பல குறிகள் சேர்ந்தே வருவதால் நோய்க்குறித்தொகை என்பதே சரி.

களைப்போ ஆறக்கூடியது. ‘களைப்பாற உட்கார்’ என்கிறோம். நாள் முழுக்க நாற்று நட்டவருக்கு ஒரு சொம்பு மோரும் இரவுத் தூக்கமும் போதும். இந்நோயில் தூங்கி எழுந்தாலும் ஆறாது. குளித்துத் துணி மடித்துவைத்தவர் அன்று நன்றாகவே இருப்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையோடு முடங்குவார். வேலைக்கும் விழுகைக்கும் இடையே 12 முதல் 48 மணி நேரம் ஓடிவிடுவதால், எதனால் விழுந்தோம் என்பதே பலருக்குப் பிடிபடாது.

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்களில் ஏறக்குறைய 300 பேர் நோயுற்றனர். மறு ஆண்டு அந்நோய்க்கு ‘மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்’ என்ற பெயர் வந்தது: தசைநோவோடு கூடிய மூளை-தண்டுவட அழற்சி. அழற்சிக்குத் திடமான சான்று இல்லையென்று 1988இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தார் ‘ஃபட்டீக்’ பெயரை வைத்தார்கள். பெயர் எளிதாயிற்று, நோயாளி சோம்பேறியானார்.

காரணம் ஒன்றே என்று இன்னும் தேறவில்லை. தொற்றுக்குப்பின் தொடங்குவது அதிகம். ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் கண்ட 253 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 11 பேர் இந்நோயின் வரையறைக்குள் வந்தனர். எந்தக் கிருமி என்பதைவிட, முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமை என்பதே அதை முன்னறிவித்தது. 2009இல் எக்ஸ்எம்ஆர்வி வைரஸ்தான் காரணம் என்ற கட்டுரை பரபரப்பாகி, ஆய்வகக் கலப்படம் என்று தெரிந்து 2011இல் திரும்பப் பெறப்பட்டது. தொற்றுக்குள்ளான செல்களைக் கொல்லும் ‘என்கே’ என்ற ரத்த வெள்ளணுக்களின் மந்தம், நிற்கையில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைவது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலாக்கம் தடுமாறுவது ஆகியவையும் ஆய்வில் உள்ளன.

‘உடற்பயிற்சி இல்லாததால் வந்த தளர்ச்சிதான்’ என்பாருக்கு இருநாள் சைக்கிள் சோதனையைச் சொல்லலாம். முகமூடி மாட்டி மிதிக்கவைத்து ஆக்சிஜன் செலவை அளப்பார்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடியும். உட்கார்ந்தே பழகியவருக்கும் இரண்டாம் நாள் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்நோயாளிகள் பலருக்கு அது இறங்குகிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2021இல் கைவிட்டது.

2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் முன்வைத்த பெயரைத் தமிழில் ‘உடல்தழுவிய உழைப்புத் தாங்காமை நோய்’ எனலாம். ‘தாங்காமை’க்குப் பதில் ‘ஒவ்வாமை’ என்று போட்டால் அலர்ஜி ஆகிவிடும். ஆனால் அந்நிறுவனம் வைத்த பெயர் ஆங்கிலத்திலேயே வேரூன்றவில்லை. தமிழுக்கு ‘ஆறாச் சோர்வு நோய்க்குறித்தொகை’ பொருந்தும். பேச்சில் ‘ஆறாச் சோர்வு’ என்றாலே போதும்.