சார்ஜ்: ஏற்றுவதா, ஊட்டுவதா, வசூலிப்பதா?

டிரிம்மர் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் தமிழிலும் குறிப்பு இருந்தது: ‘முழுமையாகக் கட்டணம் வசூலிக்கப்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கவும்.’ யாரிடம் வசூலிப்பது, டிரிம்மரிடமா? டார்ச் லைட் பெட்டியிலும் இதே கூத்துதான். ‘சார்ஜ்’ என்றால் கட்டணம் என்று அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அச்சுக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

சார்ஜ் வண்டிப்பேட்டையில் பிறந்த சொல். பழங்கால பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கால் (Gaul) இனத்தாரின் மொழியிலிருந்து இலத்தீனுக்குப் போன ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவது ‘கர்ரிகாரே’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ இரண்டும் இதன் பங்காளிகள். ஆள்மேல் ஏற்றினால் பொறுப்பு, தலைமேல் சுமத்தினால் குற்றச்சாட்டு, வாங்குபவர்மேல் வைத்தால் கட்டணம், துப்பாக்கிக்குள் கெட்டித்தால் மருந்து. 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் லெய்டன் கண்ணாடி ஜாடிகளோடு மல்லுக்கட்டியபோது இந்தச் சொல்லை மின்சாரத்துக்கும் கொண்டுவந்தார். பேட்டரி என்ற பெயரையும் பீரங்கி வரிசையிலிருந்து எடுத்து ஜாடி வரிசைக்கு வைத்தவர் அவரே.

தமிழில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. லத்தி சார்ஜுக்குத் ‘தடியடி’ என்று வைத்தவரைக் கும்பிடலாம். ‘சார்ஜ்’ எங்கே போனது என்றே தெரியாமல் பொருள் முழுதும் வந்துவிட்டது. குற்றப்பத்திரிகை, கூடுதல் பொறுப்பு ஆகியவையும் குறை சொல்ல முடியாதவை.

தகராறு பேட்டரியில்தான். படித்தவர்கள் பலர் இதற்கு ‘மின்னூட்டம்’ என்கிறார்கள். மின்வாகனங்களுக்கு ‘மின்னூட்ட நிலையம்’ என்றும் எழுதுகிறார்கள். சோறூட்டுவதுபோல மின்சாரத்தை ஊட்டுகிறோமே, அழகாகத்தானே இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. அழகு சரி, பொருள் இடிக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்னூட்டம் என்பது எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள பண்பு. கூலும் (coulomb) என்ற அலகில் அளக்கப்படுவது. தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அந்தச் சீப்பு மின்னூட்டம் பெற்றது. நூறு சதவீதம் காட்டும் செல்போன் அப்படி எதையும் பெறவில்லை. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 18,000 கூலும் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது. நிகரக் கணக்கு சுழிதான். உள்ளே லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போய் உட்காருகின்றன. சேர்ந்தது வேதியாற்றல். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இயற்பியல் குழம்புகிறது என்று அங்கலாய்ப்பது என்ன நியாயம்?

‘மின்னேற்றம்’ என்பதே பேட்டரிக்குப் பொருத்தம். வண்டியில் பாரம் ஏற்றிய மூலப்பொருளும் அதில் அப்படியே நிற்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி, நம் வாய். ‘சார்ஜ் ஏறுதா?’, ‘ஏறவே மாட்டேங்குது’, ‘மத்தியானத்துக்குள்ள இறங்கிடுது’. யாரும் ‘சார்ஜ் ஊட்டுதா’ என்று கேட்டதில்லை. பெயர்ச்சொல்லைத்தான் கடன் வாங்கினோம். வினைச்சொல்லை ஊரே தேர்ந்தெடுத்துவிட்டது. (பொறுப்பேற்றலில் உள்ள ‘ஏற்றல்’ இதுவல்ல. அது ‘ஏல்’ என்ற வேரிலிருந்து வந்தது, இது ‘ஏறு’விலிருந்து. ஒன்றென்று நினைத்துப் புலவர் வேடம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.)

ஒரு சிக்கல் உண்டு: இலங்கைப் பாடநூல்களில் சீப்பின் சங்கதிக்கே மின்னேற்றம் என்று பெயர். அங்கே அது ஊன்றிய வழக்கு. மாற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை. தமிழ்நாட்டில் இரண்டு சொல் கைவசம் இருக்கும்போது ஆளுக்கொரு வேலை கொடுப்பதில் என்ன நட்டம்?

சார்ஜருக்கு ‘மின்னேற்றி’ போதும். பேச்சில் சார்ஜர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பெட்டித் தாளில் ‘சார்ஜ் செய்யவும்’ என்று போட்டாலும் எனக்குச் சம்மதம். வசூலை மட்டும் நிறுத்துங்கள்.