கேரக்டர் டிசைனைத் திட்டுவதற்கு முன்

ஒரு வீடியோ கேமைப் படமாக எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வரும்போது ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். டிரெய்லர் வந்த மறுநிமிடம் சண்டை. கதை என்னவென்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஹீரோவின் கண், பல், கை, கால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். நான் விஎஃப்எக்ஸ், அதாவது படங்களுக்குக் கணினியில் காட்சிகளை உருவாக்கும் துறையில் கேரக்டர் மாடலிங் செய்கிறவன். படத்தில் வரும் உருவங்களைக் கணினிக்குள் செதுக்குவது என் வேலை. இந்தச் சண்டையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று தோன்றியது.

திட்டாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஏதோ இடிக்கிறது என்று ரசிகர்கள் சொன்னால் பெரும்பாலும் இடிக்கத்தான் செய்கிறது. எது இடிக்கிறது, அதை முடிவு செய்தது யார், இனிமேல் எதை மாற்ற முடியும் என்ற மூன்றிலும்தான் குறி தப்பிப் போகிறது.

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்து தொடங்குவோம். 2019 ஏப்ரல் 30 அன்று, சோனிக் என்ற வீடியோ கேமை வைத்து எடுத்த படத்தின் முதல் டிரெய்லர் வந்தது. கேமில் இருந்த நீல முள்ளெலிக்குப் பதிலாக, நீளமான மனிதக் கால்களோடு, சின்னச் சின்னக் கண்களோடு, கையுறை இல்லாமல் ஓர் உருவம் ஓடியது. வாயைத் திறந்தால் மனிதப் பல். இணையம் கொதித்தது. மே 2 அன்றே இயக்குநர் ஜெஃப் ஃபவுலர், குறைகள் காதில் விழுந்துவிட்டன, டிசைனை மாற்றப் போகிறோம் என்று அறிவித்தார்.

அந்தப் பல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கார்ட்டூன் கேரக்டர்களின் பல்லைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது ஒரே வெள்ளைப் பட்டை, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு கிடையாது. தெரியாமல் விட்ட குறை இல்லை அது. கோடு போட்டவுடன் நம் மூளை அதை மனித வாயாகப் படிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் ஈறு எங்கே, உதடு ஏன் இப்படி அசைகிறது என்று கேள்விமேல் கேள்வி. முதல் சோனிக்கிடம் பற்கள் தனித்தனியாக, மனித வாயில் இருக்கிற மாதிரியே வரிசையாக நின்றன. மனிதச் சாயல் ஏற ஏற ஒரு பொம்மை நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், கிட்டத்தட்ட மனிதன் ஆகும் இடத்தில் மட்டும் திடீரென்று அருவருப்பு தட்டும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970லேயே எழுதிவைத்தார். அந்தத் திடீர்ச் சரிவைத்தான் அவர் பள்ளம் என்றார். முடி போர்த்திய ஒரு விலங்கின் முகத்தில் மனிதப் பல்லை வைப்பது நேராக அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதுதான்.

கண் விவகாரம் இன்னும் சுவாரசியம். 1991இல் வந்த முதல் கேமிலிருந்தே சோனிக்கின் இரண்டு கண்களும் ஒட்டி ஒரே வெள்ளை வடிவமாக இருக்கும், அதற்குள் இரண்டு கருவிழிகள். தாளில் அழகாக இருக்கும். அதையே முப்பரிமாணத்தில், நிஜ வெளிச்சத்தில், முடியோடு கொண்டுவரச் சொன்னால் மாடலிங் செய்கிறவனுக்குத் தலைசுற்றும். கண்குழி எங்கே? மூக்குத்தண்டு எங்கே? இமை எதன்மேல் மூடும்? எங்கள் மேசையில் இந்தக் கேள்விகள் எழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான பதில் கிடைக்கும். மண்டையோடு என்று ஒன்று இருந்தால் கண் இரண்டாகத்தான் பிரிய வேண்டும். பிரிந்தால் நடுவில் முடி வர வேண்டும். முடி வந்தால் கண் சிறுத்துப்போகும். தனித்தனியாகக் கேட்டால் எதுவும் தப்பாகத் தெரியாது. கூட்டிப் பார்த்தால் யாரோ முன்பின் தெரியாத ஆள் நிற்பான். முட்டாள்தனத்தால் கெட்டுப்போன டிசைன்களைவிட இப்படி நியாயமாகவே யோசித்து யோசித்துக் கெட்டுப்போனவைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

சோனிக் விஷயத்தில் அடுத்து நடந்ததும் தெரிந்ததுதான். 2019 நவம்பர் 8 என்றிருந்த வெளியீடு 2020 பிப்ரவரி 14க்குத் தள்ளிப்போனது. சோனிக் காமிக்ஸ்களுக்கு வரைந்தவரும் 2017இல் வந்த சோனிக் மேனியா கேமின் தொடக்க அனிமேஷனைச் செய்தவருமான டைசன் ஹெஸ்ஸை அழைத்து மறுவடிவமைப்புப் பொறுப்பைக் கொடுத்தார்கள். கண் பெரிதாகி நெருங்கி வந்தது. வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். உடம்போடு ஒப்பிடும்போது தலை பெரிதானது. நவம்பரில் புது டிரெய்லர் வந்ததும் திட்டிய அதே வாய்கள் பாராட்டின. படம் உலக அளவில் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: கேமில் சோனிக்கின் கைகள் தோல் நிறம். படத்தில் மறுவடிவமைப்புக்குப் பிறகும் அவை நீலமாகவே இருந்தன. அதற்காகப் பெரிய கலவரம் எதுவும் இல்லை. அச்சு அசலாக வேண்டும் என்று ரசிகர்கள் கேட்பதாகத் தோன்றினாலும், முகமும் உருவக் கோடும் சரியாக இருந்தால் மற்றதை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். சுருக்கமாக, கேரக்டரின் நிழலை மட்டும் பார்த்தால் யாரென்று தெரிய வேண்டும்.

இந்த வெற்றியிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், சத்தம் போட்டால் மாற்றிவிடுவார்கள் என்பது. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கவலை.

முடி உள்ள ஒரு கேரக்டரின் கண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலை மாற்ற வேண்டும். மாடல் மாறினால் முகத்தை அசைக்க உள்ளே பொருத்தும் எலும்புக்கூடு போன்ற அமைப்பான ரிக் மாற வேண்டும். புருவம் தூக்குவது, கன்னம் சுருங்குவது என்று ஒவ்வொரு பாவனைக்கும் செதுக்கி வைத்திருந்த வடிவங்களை மறுபடி செதுக்க வேண்டும். முகத்தில் முடி எந்தத் திசையில் படிய வேண்டும் என்று சீவிவைக்கும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் முடித்துவைத்த ஷாட்களை எல்லாம் திறந்து நடிப்பைச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் சின்னக் கண்ணில் சரியாகத் தெரிந்த பார்வை பெரிய கண்ணில் முறைப்பது போல் ஆகிவிடும். பிறகு வெளிச்சம் அமைக்கும் லைட்டிங், கணினி படத்தைக் கணக்கிட்டுத் தரும் ரெண்டர், அதை நிஜக் காட்சியோடு சேர்க்கும் காம்பாசிட்டிங். இன்னொரு தலைவலியும் உண்டு. படப்பிடிப்பில் நடிகர் வெறும் காற்றைப் பார்த்துத்தான் பேசியிருப்பார். கேரக்டரின் கண் இத்தனை உயரத்தில் இருக்கும் என்று குச்சியில் ஒரு அடையாளம் வைத்து அதைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். டிசைன் மாறிக் கண் மேலேயோ கீழேயோ போனால், நடிகர் அதன் நெற்றியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். நடிகரை மறுபடி கூப்பிட முடியாது. கேரக்டரைத்தான் எக்கியோ குனிந்தோ நிற்கவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காலமும் பணமும் கொடுக்க சோனிக் படத்தின் ஸ்டுடியோ தயாராக இருந்தது. வெளியீட்டு நாளைத் தள்ளிவைக்கும்போது, இந்தப் படத்தின் உருவாக்கத்தில் எந்த விஎஃப்எக்ஸ் கலைஞரும் துன்புறுத்தப்படவில்லை என்ற பொருளில் இயக்குநர் ஒரு ஹேஷ்டேக் போட்டார். நல்ல மனதோடு போட்ட நகைச்சுவைதான். ஆனால் அந்தப் படத்தில் வேலை செய்த எம்பிசி என்ற விஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வான்கூவர் (கனடா) கிளை 2019 டிசம்பரில், படம் வெளியாவதற்கு முன்பே மூடப்பட்டது. நிறுவனம் சொன்ன காரணம் அங்குள்ள சந்தை நெருக்கடி. டிசைன் மாற்றத்தால் மூடினார்கள் என்று முடிச்சுப் போடுவது சரியில்லை. இவ்வளவு பாராட்டிய மாற்றத்தில் உழைத்த பலருக்குப் படம் திரைக்கு வந்த நாளில் அந்த வேலை இல்லை என்பது மட்டும் நிஜம். மிகக் குறைந்த லாபத்தில், படத்துக்குப் படம் ஏலம் கேட்டு ஓடும் துறை இது. அதே சத்தம் எல்லாப் படத்துக்கும் எழுந்தால், எல்லா ஸ்டுடியோவும் தேதியைத் தள்ளிவைக்காது. அதே தேதிக்குள் மாற்றித் தரச் சொல்லும். அப்போது விடிய விடிய உட்காரப்போவது யாரென்று சொல்லத் தேவையில்லை.

டிரெய்லரில் பார்ப்பது முடிந்த வேலையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாதி ஆம், பாதி இல்லை. படம் முடிவதற்குப் பல மாதம் முன்பே டிரெய்லருக்கென்று சில ஷாட்களை மட்டும் அவசரமாக முடித்துக் கொடுப்போம். முடியின் பளபளப்பு, தோலில் வெளிச்சம் விழும் விதம், நிழல், சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிவது போன்றவை இன்னும் மேம்படும். ஆனால் கண்ணின் அளவு, கால் நீளம், தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் எல்லாம் பலபேர் கையெழுத்திட்டு எப்போதோ முடிந்துபோன விஷயங்கள். அதனால் 'இன்னும் வேலை முடியவில்லை, பொறுங்கள்' என்று யாராவது சமாதானம் சொன்னால், எதைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள். வெளிச்சத்தைப் பற்றி என்றால் நம்பலாம். விகிதத்தைப் பற்றி என்றால் சந்தேகப்படுங்கள்.

மற்ற படங்களைப் பார்த்தால் ரசிகர்களின் கோபத்தில் ஒரு ஒழுங்கு இருப்பது புரியும். 2018 நவம்பரில், போகிமான் கேம்களில் வரும் மஞ்சள் குட்டி உயிரான பிகாச்சுவை வைத்து எடுத்த டிடெக்டிவ் பிகாச்சு படத்தின் டிரெய்லர் வந்தபோது, பிகாச்சுவுக்கு முடியா என்று ஆளாளுக்கு அதிர்ந்தார்கள். சில நாளில் அதிர்ச்சி அடங்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் எளிது: காது, கன்னத்துச் சிவப்பு, உருண்டை உடல், முகத்தில் கண்ணும் மூக்கும் இருக்கும் இடம் எதையும் தொடவில்லை. மேல்தோல் மட்டும்தான் புதிது. போகிமான் உயிர்களை நிஜ விலங்குகள் போல வரைந்து இணையத்தில் பகிர்ந்துவந்த ஆர்.ஜே. பாமர் என்ற ஓவியரையே அந்தப் படத்தின் கான்செப்ட் ஓவியராக, அதாவது உருவங்களை முதலில் வரைந்து காட்டுபவராகச் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்முனையில் 1993இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் படம். கேமில் காளான் போலக் குட்டியாக வரும் கூம்பாக்கள் அதில் மலை போன்ற உடம்பில் சுண்டைக்காய்த் தலையோடு நடந்தார்கள். நிழலைப் பார்த்து அடையாளம் சொல்ல வாய்ப்பே இல்லை.

2023 மாரியோ படத்தின் முதல் டிரெய்லர் 2022 அக்டோபரில் வந்தபோது மாரியோவின் பின்பக்கம் தட்டையாக இருக்கிறது என்று ஊரே சிரித்தது. கேலிதான், ஆனால் உள்ளே ஒரு உண்மை இருக்கிறது. 1996இல் மாரியோ முப்பரிமாணத்துக்கு வந்ததிலிருந்து கேமரா பெரும்பாலும் அவர் முதுகுக்குப் பின்னால்தான். சினிமா ரசிகனுக்கு ஹீரோ என்றால் முகம், கேம் ஆடுகிறவனுக்கு முதுகு. எந்த டிசைன் கூட்டத்திலும் இதை ஒரு குறிப்பாக எழுதிவைக்கலாம் என்பேன். கூடவே இன்னொன்று: மாரியோவின் மீசையும் தொப்பியும் அவர் முதலில் தோன்றிய 1981இல் திரையில் கிடைத்த சொற்பப் புள்ளிகளுக்குள் வாயும் தலைமுடியும் வரைய முடியாததால் வந்தவை. இயலாமையில் பிறந்த அடையாளத்தைக்கூட இன்று யாரும் எடுக்கத் துணிய மாட்டார்கள்.

சரி, உருவக் கோட்டைக் காப்பாற்றினால் தப்பித்துவிடலாமா? என் கணக்கைக் குழப்பியது மைன்கிராஃப்ட், எல்லாமே கட்டங்களால் ஆன உலகம் கொண்ட கேமை வைத்து எடுத்த படம். 2024 செப்டம்பர் டீசரில் வந்த இளஞ்சிவப்பு ஆடு கேமில் இருப்பது போலவே கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. அதன்மேல் நிஜக் கம்பளியும் நிஜ முகமும் வைத்ததும் கேலி மழை கொட்டியது. ஆனால் 2025 ஏப்ரலில் படம் வெளியானபோது அதே தலைமுறை தியேட்டரில் கூச்சலிட்டுக் கொண்டாடியது. வசூல் 90 கோடி டாலரைத் தாண்டியது. பெரிதாக எதையும் மாற்றாமலே கேலி கொண்டாட்டமானது. டீசர் வந்த வாரத்துக் கோபத்தை வைத்துப் படத்தின் தலையெழுத்தைக் கணிப்பவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

யாரைத் திட்டுவது என்பதற்கு வருவோம். ஒரு கேரக்டரின் முகம் கான்செப்ட் ஓவியர், தயாரிப்பு வடிவமைப்பாளர், இயக்குநர், தயாரிப்பாளர்கள், ஸ்டுடியோ நிர்வாகிகள், கேமின் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் என்று எல்லோரையும் தாண்டிய பிறகுதான் எங்கள் கைக்கு வருகிறது. எங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் செதுக்கித்தான் கொடுப்போம். ஆனால் வசவு வந்து விழுவது பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் இருப்பவர் மேல். என்னோடு வேலை செய்த ஒரு இளம் கலைஞர், தான் உழைத்த படத்தின் பெயரைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டிருந்தார், அவ்வளவுதான். டிரெய்லர் வந்த அன்றிரவு, கை விளங்காமல் போகட்டும் என்ற ரீதியில் செய்திகள் வரத் தொடங்கின. அவர் அந்தக் கேரக்டரின் செருப்பு வாரை மட்டும்தான் செய்திருந்தார். பெயரை எடுத்துவிட்டுக் கணக்கையும் பூட்டினார். அடுத்த வேலை தேடுகிறவருக்கு அந்தப் பெயர்தான் முதலீடு.

உபயோகமான விமர்சனம் எப்படி இருக்கும் என்பதற்கு 2019இலேயே உதாரணம் இருக்கிறது. 'கேவலம்' என்ற ஆயிரம் பதிவுகளுக்கு நடுவே சிலர் டிரெய்லரின் ஒரு காட்சியை எடுத்து, கண்ணைப் பெரிதாக்கி, கையுறை மாட்டி, பல்லை மறைத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். எந்த மாற்றம் செய்தால் கேரக்டர் திரும்ப வருகிறது என்று பார்த்தவுடன் புரிந்தது. எங்கள் சூப்பர்வைசர்கள் குறிப்பு எழுதித் தருவதும் ஏறக்குறைய இந்த மாதிரிதான். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'கண்கள் விலகி நிற்கின்றன', 'கழுத்து நீளமாகத் தெரிகிறது' என்று எழுதினால் போதும். அதை ஸ்டுடியோவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் எழுதுங்கள், அங்கே வருவதைத் தொகுத்து மேலே அனுப்ப ஆள் இருக்கிறார்கள். படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் தேடிக் கலைஞர்களுக்குத் தனியாக அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை. டிரெய்லர் உங்கள் கைக்கு வரும்போது எங்களில் பலர் வேறு படத்துக்கு, சில சமயம் வேறு நிறுவனத்துக்கே போயிருப்போம். நீங்கள் எழுதியதைப் படித்து நியாயம்தான் என்று நினைத்தாலும், அந்த ஃபைலைத் திறக்கும் அனுமதிகூட எங்களிடம் இருக்காது.