அரிய செடிக்குப் பக்கத்தில் அதன் உறவுச் செடியை நடாதீர்கள்

அரிய தாவரங்களுக்கு ஆபத்து என்றதும் வெட்டு, தீ, மேய்ச்சல், கட்டடம் என்று கண்ணுக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். காட்டு விதை சேகரிப்பிலும் நாற்று வளர்ப்பிலும் வேலை செய்கிற எனக்கு அவற்றுக்கு இணையாகக் கவலை தருவது மகரந்தம். வேலி போட்டாயிற்று, ஆடு மாடு வருவதில்லை, செடி பூத்துக் காய்க்கிறது, அடியில் நாற்றுகளும் முளைத்திருக்கின்றன. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் அந்த நாற்றுகளுக்கு மகரந்தம் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் ஏராளமாக வளரும் உறவு இனத்திலிருந்து வந்திருந்தால் அங்கே பெருகுவது கலப்பினம். அரிய இனத்தில் ஒரு செடிகூட அதிகமாகவில்லை.

நெருங்கிய இனங்கள் பூக்கும் பருவத்தாலோ, வளரும் இடத்தின் உயரத்தாலோ, மண்ணாலோ, தேடி வரும் பூச்சியாலோ விலகியே இருக்கும். அந்த விலக்கம் குறைந்துவிட்டால், அப்புறம் எல்லாவற்றையும் முடிவு செய்வது எண்ணிக்கைதான். ஒரு சரிவில் அரிய இனம் 10 செடி, சாதாரண இனம் 1,000 செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அமர்வது ஒரே வகைத் தேனீ. அரிய பூவின் சூலகமுடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியில், வந்து ஒட்டும் மகரந்தத்தில் பெரும்பகுதி மற்ற இனத்தினுடையதாகவே இருக்கும். எதிர்த்திசையிலும் மகரந்தம் போகும்தான், ஆனால் 1,000 செடிக்கு அது பொருட்டே இல்லை. தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனமாக இருந்தால் அந்த 10 செடியின் பாடு இன்னும் திண்டாட்டம்.

கலப்பினம் மலடாகிவிட்டால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலட்டு விதைக்குப் போன ஒவ்வொரு சூலும் (பூவுக்குள் விதையாக மாறும் பகுதி) சொந்த இனத்துக்குக் கிடைக்காமல் போன சூல். வருடத்துக்குக் கொஞ்சம் விதை மட்டுமே கட்டும் செடிக்கு அந்த இழப்பு பெரியது. கலப்பினம் மலடாக இல்லாவிட்டாலோ, அது மறுபடியும் பெற்றோர் இனங்களோடு கலக்கும். சில தலைமுறைகளில் எது அசல், எது கலப்பு என்று பிரிக்க முடியாத கூட்டமாகிவிடும்.

கலிஃபோர்னியாவின் சான்டா கேட்டலினா தீவில் மட்டுமே வளரும் கேட்டலினா மலை மஹோகனி என்ற சிறு மரம் இதற்குத் தெரிந்த உதாரணம். 1897-இல் ப்ளான்ச் ட்ராஸ்க் என்ற தாவர சேகரிப்பாளர் அதைக் கண்டறிந்தார். வெளியிலிருந்து கொண்டுவந்த ஆடும் பன்றியும் மேய்ந்தும் கிளறியும், வளர்ந்த செடிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. மிச்சமிருந்தவற்றைச் சோதித்தபோது, அவற்றிலும் சில அதே தீவின் சாதாரண மலை மஹோகனியோடு கலந்தவை என்று தெரிந்தது. மேய்ச்சல் எண்ணிக்கையைக் குறைத்தது, குறைந்த எண்ணிக்கை கலப்புக்கு வழிவிட்டது. கள அனுபவத்தில் இந்த இரண்டையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதே இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் சிவப்பு மல்பெரிக்கும் இதே கதி. பட்டுப்புழுவுக்காக ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோன வெள்ளை மல்பெரி காட்டுக்குள்ளும் பரவி, சிவப்பு மல்பெரியோடு கலந்துகொண்டே இருக்கிறது. ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவில் கலப்புக்கு வழிவிட்டது சாலை. ஆர்ஜிராந்திமம் ஃப்ரூட்டசென்ஸ் என்ற சாதாரண டெய்சி, கிளறிய மண்ணைப் பிடித்துக்கொண்டு சாலையோரமாகவே பரவி, ஆர்ஜிராந்திமம் கொரோனோபிஃபோலியம் என்ற அரிய இனம் இருந்த இடங்களை எட்டியது. அங்கே கலப்பினக் கூட்டங்கள் உருவாயின.

கலப்பு என்றாலே கெடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் சோர்பஸ் ஆரனென்சிஸ் மரம், கலப்பால் பிறந்து தனி இனமாக நிலைத்தது. இன்று அதையே பாதுகாக்கிறார்கள். தானாக நடந்த பழைய கலப்பில் கை வைக்க எனக்கு மனம் வராது. நாம் போட்ட சாலையாலும் நாம் நட்ட செடியாலும் நடக்கும் கலப்பைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

நல்லெண்ணத்தோடு நடக்கும் தவறுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். காட்டை மீட்கிறோம் என்று, எளிதில் கிடைக்கும் உறவு இனத்தை அரிய இனத்தின் ஓரத்திலேயே நடுகிறார்கள். தாவரவியல் தோட்டத்தில் தூரதூரமான இடங்களின் உறவு இனங்கள் ஒரே பாத்தியில் பூக்கும். அங்கே தானாக விழுந்த விதையைச் சேகரித்துக் காட்டுக்கு அனுப்பவே கூடாது. நாற்றங்காலில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் தலைமுறைக் கலப்பினம் சில சமயம் அசல் நாற்றைவிட வேகமாக வளரும். செழிப்பான நாற்றுகளை வைத்துக்கொண்டு மெலிந்தவற்றைக் கழிப்பது நம் பழக்கம். அப்படிக் கழிக்கும்போது அசல் இனத்தையே தூக்கி எறிந்துவிடக்கூடும்.

அதனால் விதை எடுக்கும்போது, உறவு இனம் தொடும் ஓரத்தை விட்டுக் கூட்டத்தின் நடுவிலிருந்து எடுங்கள். மிகச் சின்னக் கூட்டத்தில் நடு என்று ஒன்றே இருக்காது. அங்கே மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைப்பை கட்டி, அதே இனத்தின் வேறொரு செடியிலிருந்து மகரந்தம் எடுத்துக் கையால் வைக்க வேண்டும். ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனி உறையில் போட்டுத் தனியாகவே முளைக்க வையுங்கள். பின்னால் ஒரு செடியின் விதையில் கலப்பு தெரிந்தால் அதை மட்டும் விலக்கலாம், மற்றவை தப்பும்.

இரண்டு இனத்துக்கும் நடுவான தோற்றத்தில் ஒரு செடியைக் கண்டால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். நிழல், வயது, தண்ணீர் இவற்றாலும் இலை மாறும். பலமுறை அரிய இனத்தோடு கலந்த கலப்பினம் அசல் போலவே இருக்கவும் கூடும். கண்ணை நம்பி அசலில் ஒன்றை இழந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ஓர் இலைத் துண்டை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் உலர்த்தி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால், பக்கத்தில் மனிதர் நட்ட உறவுச் செடிகளின் மொட்டுகளை மட்டும் விரியும் முன்பே கிள்ளி வாருங்கள்.