மாலையைக் கழற்றிய பிறகும் புகைக்காமல் இருக்க

ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் நெஞ்சக நோய் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரே மாதிரியான கதையைச் சொல்லிக்கொண்டு சிலர் வருகிறார்கள். கார்த்திகை முதல் நாளில் மாலை போட்டு, 41 நாளோ 48 நாளோ பீடியையும் சிகரெட்டையும் தொடாமல் இருந்து, சபரிமலைக்குச் சென்று திரும்பி மாலையைக் கழற்றிய அன்றோ மறுநாளோ மறுபடி பற்றவைத்தவர்கள் இவர்கள். "என்னால இதை விட முடியாது டாக்டர்" என்று சொல்வார்கள். "விரதத்தில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால், "அது சாமிக்காக" என்பார்கள். விரத நாட்களிலேயே மறைவாகப் புகைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்; ஆனால் உண்மையாகவே நிறுத்தியிருந்தவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் "முடியாது" என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. நிறுத்துவதில் மிகக் கடினமான பகுதியை அவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டார்கள்.

புகையிலையிலுள்ள நிக்கோட்டின் உடலில் நீண்ட நேரம் தங்குவதில்லை. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் தொடர்ந்து புகைப்பவருக்கு மணிக்கொரு முறை கை பாக்கெட்டுக்குப் போகிறது. நிறுத்தியவுடன் தோன்றும் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனமின்மை, அடங்காத பசி ஆகியவை முதல் 2, 3 நாட்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடுகின்றன. ஆகவே 41 நாட்கள் புகைக்காமல் இருந்தவருடைய உடல் நிக்கோட்டினைக் கேட்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மாலையைக் கழற்றியதும் அவரை மறுபடி புகைக்க வைப்பவை டீக்கடை வாசலும், கூட நிற்கும் நண்பர்களும், "இனித் தடை இல்லை" என்ற எண்ணமும்தான்.

விரதம் அவருக்கு என்னென்ன கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். நிறுத்த வேண்டிய நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கழுத்தில் மாலை இருந்ததால் அவர் நிறுத்தியிருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்தது. "ஒரு தம் போடலாம் வா" என்று அழைக்கும் நண்பன்கூட அவரைச் "சாமி" என்று அழைத்து ஒதுங்கிக்கொண்டான். விடியற்காலைக் குளியலும் மாலை நேரத்துப் பஜனையும் அவர் வழக்கமாகப் புகைக்கும் பொழுதுகளை நிரப்பின. வீட்டிலிருந்தவர்கள் சமையலையும் பேச்சையும் அவருக்காக மாற்றிக்கொண்டார்கள், அவரோடு மாலை போட்ட குருசாமியும் மற்றவர்களும் தினமும் கூடவே இருந்தார்கள். இவற்றையெல்லாம் மருத்துவர்கள் ஆதரவு என்று அழைக்கிறோம். எந்த உதவியும் இன்றித் தாமாகவே நிறுத்த முயல்கிறவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் மட்டுமே ஆறு மாதம், ஓராண்டு என்ற எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பதால், மனஉறுதி இருந்தால் போதும் என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு வருத்தமே ஏற்படுகிறது. விரதத்தில் கிடைத்த அதே ஆதரவை, முடிவு நாள் ஒன்று இல்லாமல் அமைத்துக்கொள்வதே செய்ய வேண்டிய வேலை. அதற்கு எந்தச் சமய நம்பிக்கையும் கட்டாயமில்லை.

முதலில் இரண்டு வாரங்களுக்குள் வரும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதை வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்லிவிடுங்கள். "குறைத்துக்கொண்டே வருகிறேன் டாக்டர், இப்போது நாளுக்கு ஒன்றுதான்" என்று பெருமையோடு சொல்பவர்கள் பலர். முற்றிலும் நிறுத்தும் நாள் ஒன்றைக் குறிக்காமல் குறைப்பவர்கள், சில மாதங்களில் பழைய எண்ணிக்கைக்கே திரும்புவதைத்தான் பெரும்பாலும் காண்கிறேன். எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றையும் முன்னைவிட ஆழமாக இழுப்பதால், உடலுக்குள் செல்லும் நஞ்சு அதே அளவுக்குக் குறைவதில்லை. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் வரும் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்று மட்டும் பிடிப்பவருக்கும் உண்டு என்பதை 2018இல் வெளியான ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ரமலான் மாதத்தில் பகல் முழுதும் புகைக்காமல் இருந்து, நோன்பு திறந்ததும் புகைப்பவர்களிடமும் இதையே சொல்கிறேன்: பகலில் பெற்ற வெற்றியை ஒவ்வோர் இரவும் இழக்கிறீர்கள்; இரவையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு வாரங்களில் பெரும் துன்பம் முடிந்துவிடும்.

பிடிமானம் எவ்வளவு வலுவானது என்பதை அறிய நான் கேட்கும் முதல் கேள்வி, காலையில் கண் விழித்து எத்தனை நிமிடங்களில் முதல் பீடியைப் பற்றவைக்கிறீர்கள் என்பதே. அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமானது; அவருக்கு மருந்தின் துணை தேவைப்படும். நம் ஊரில் இதோடு இணைந்த இன்னொரு சிக்கலும் உண்டு. பீடி பிடித்தால்தான் காலைக்கடன் கழியும் என்று நம்பும் ஆண்கள் ஏராளம். இதை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிக்கோட்டின் குடலின் அசைவைத் தூண்டுவதால், நிறுத்திய சில நாட்களுக்கு மலச்சிக்கல் ஏற்படுவது உண்மைதான். எழுந்தவுடன் வெந்நீர், இரவில் வாழைப்பழம், கீரை, போதிய தண்ணீர் என்று ஒரு வாரம் முன்பிருந்தே பழகிக்கொண்டால் இது சமாளிக்கக்கூடியதே. தேவைப்பட்டால் சில நாட்களுக்கு மலமிளக்கி தருகிறோம். இந்தச் சிறு தொல்லையைப் பற்றிக் கூச்சத்தால் யாரும் பேசாததால் மட்டுமே எத்தனையோ முயற்சிகள் மூன்றாம் நாளில் முறிந்திருக்கின்றன.

மருந்து என்றதும் பலர் தயங்குகிறார்கள். நிக்கோட்டினை நிறுத்த நிக்கோட்டினையே தருவது எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார்கள். அடிமையாக்குவது நிக்கோட்டின், புற்றுநோயையும் மாரடைப்பையும் நுரையீரல் அடைப்பையும் பெருமளவில் உண்டாக்குபவை புகையிலுள்ள தார், கார்பன் மோனாக்சைடு முதலியவை. புகை இல்லாமல், அளவோடு நிக்கோட்டினைத் தந்து படிப்படியாகக் குறைப்பதே நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் ஆகியவற்றின் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே இவற்றை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசியப் பட்டியலில் 2022இல் இடம்பெற்றன.

சூயிங்கத்தைப் பயன்படுத்தும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதை வாங்கி, இனிப்புச் சூயிங்கம் போல விடாமல் மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடுபவர்கள் அதிகம். மெதுவாகச் சில முறை மென்று, நாவில் காரம் போன்ற சுரீரென்ற உணர்வு தோன்றியதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அதை ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த உணர்வு அடங்கியபின் மறுபடி சில முறை மெல்ல வேண்டும். இப்படியே ஏறத்தாழ அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர வேண்டும், விழுங்கினால் பயனில்லை. காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவை வாயில் அமிலத்தன்மையைக் கூட்டி இந்த உறிஞ்சுதலைத் தடுப்பதால், சூயிங்கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். இது 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் உள்ளது. விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்குப் பெரும்பாலும் 4 மில்லிகிராமே தேவைப்படும். தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுதும் சீராக நிக்கோட்டின் தருகிறது. அதனோடு, வேட்கை எழும் வேளைக்கு மட்டும் சூயிங்கமும் சேர்த்தால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் கூடுகிறது.

புகைக்கும் வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளான வரெனிக்லின், புப்ரோபியான் இரண்டையும் நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, சில வாரங்கள் தொடர வேண்டும். வரெனிக்லின் சிலருக்குக் குமட்டல் தரும் என்பதால் உணவுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் இவற்றுள் எதையும் தாமாக வாங்கிப் பயன்படுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். மின்னணு சிகரெட்டைப் பற்றியும் இளைஞர்கள் கேட்கிறார்கள்; அதன் விற்பனை இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. புகையை விட்டுவிட்டு, வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவது எந்த வகையிலும் நிறுத்துவதாகாது.

மருந்துக் கடையில் யாரும் எச்சரிக்காத ஒன்று உண்டு. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, குறிப்பிட்ட மருந்துகளை வேகமாகச் சிதைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் கூடிவிடும். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் உட்கொள்பவர்களும், மனநலச் சிகிச்சையில் குளோசபின், ஓலன்சபின் உட்கொள்பவர்களும் நிறுத்தும் நாளை முன்கூட்டியே தங்கள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். காபியிலுள்ள கஃபீனுக்கும் இது பொருந்தும்: நாளுக்கு நான்கைந்து முறை காபி குடிப்பவர், புகையை நிறுத்திய வாரத்தில் படபடப்பும் தூக்கமின்மையும் கூடுவதை உணர்ந்தால், காபியைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கட்டும்.

வீட்டிலிருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். சட்டைப் பையைச் சோதிப்பதும், வாயை முகர்ந்து பார்ப்பதும், பிள்ளைகள் முன்னால் சத்தியம் வாங்குவதும் அவரை ஒளிந்து புகைக்கவே பழக்குகின்றன. முதல் இரண்டு வாரங்களில் அவர் எரிந்து விழுவார். அந்தக் கோபம் உங்கள் மீது அல்ல என்று தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ள எளிதாக இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அவர் வழக்கமாக எழுந்து வெளியே செல்லும் அந்தப் பத்து நிமிடத்தில் கூட உட்கார்ந்து பேசுங்கள், அல்லது இருவருமாகச் சற்று நடந்து வாருங்கள். ஒரு வேட்கை அலை சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால், அந்தச் சில நிமிடங்களுக்கு ஓர் ஆள் துணை இருப்பது மருந்துக்கு ஈடானது. நண்பர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். லாரி ஓட்டும் ஒருவர் தம்முடன் வேலை செய்பவர்களிடம், "எனக்கு இன்னும் விரதம் முடியலன்னு நெனச்சுக்கோங்கப்பா" என்று சொல்லிவைத்ததாகக் கூறினார். அவருடைய மாலை கழன்று பல மாதங்கள் ஆகியும் அவர்கள் அவரிடம் பாக்கெட்டை நீட்டுவதில்லை. மது அருந்துபவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: முதல் மூன்று மாதங்களில் மறுபடி புகைக்கத் தொடங்கியவர்களைக் கேட்டால், அந்த முதல் சிகரெட் பெரும்பாலும் மது மேசையில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

"அறுபது வயதாகிவிட்டது, இனி நிறுத்தி என்ன?" என்பவர்களுக்கு, பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினரின் ஆய்வு பதில் தருகிறது. 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50இல் நிறுத்தியவர்களுக்கு 6, 40இல் 9, 30இல் 10 ஆண்டுகளும் ஆயுள் மீட்கப்பட்டன.

நிறுத்திய பின் ஒரு நாள் ஒன்றைப் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று முழுப் பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். பேட்சையும் சூயிங்கத்தையும் நிறுத்தவும் வேண்டாம். எங்கே, யாருடன், எந்த மனநிலையில் பிடித்தீர்கள் என்பதை எழுதிவைத்து அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகள் தேவைப்படுகின்றன. முந்தைய முயற்சி எங்கே முறிந்தது என்று தெரிந்தால் எங்களால் மருந்தையும் ஆலோசனையையும் மாற்றியமைக்க முடிகிறது.

புகையிலைப் பாக்கெட்டுகளின் மீதே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண், நிறுத்த விரும்புவோருக்கான தேசிய உதவி எண். தென்னிந்திய மொழிகளுக்கான ஆலோசனை பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலிருந்து வழங்கப்படுவதால் தமிழிலேயே பேசலாம். மன அழுத்தமோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவு, மனநலப் பிரிவு, பல் மருத்துவக் கல்லூரிகள் ஆகியவற்றில் புகையிலை நிறுத்த ஆலோசனை கேளுங்கள். காசநோய் மருந்து உட்கொள்பவர்கள், மருந்து வாங்கும் இடத்திலேயே இதையும் கேட்கலாம். நிறுத்திய முதல் வாரத்தில் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையாக மூன்று மாதங்களும், ஆறாவது மாதத்தில் ஒரு முறையும் வந்து பார்த்துச் செல்ல வேண்டும். இடையில் மறுபடி புகைத்திருந்தாலும் அதே தேதியில் வாருங்கள்.