ஹார்ம் ரிடக்‌ஷன்: தீங்கு குறைப்பா, தீங்கு தணிப்பா?

வியாசர்பாடியில் எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் ‘தீங்கு குறைப்பு’ என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறவன். “அப்போ கொஞ்சமா போட்டுக்கச் சொல்றாங்களாப்பா?” என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு, எடைக் குறைப்பு என்றே கேட்டுப் பழகிய காதுக்கு இதுவும் அளவைக் குறைப்பது என்றுதான் விழும்.

ஆங்கிலத்தில் ‘ஹார்ம்’ என்பதற்கு வலி, துயரம் என்று பழைய பொருள் உண்டு. ‘ரிடக்‌ஷன்’ லத்தீனிலிருந்து வந்தது, வேர்ப்பொருள் திரும்பக் கூட்டி வருதல். நழுவிய எலும்பை அதன் மூட்டில் ஏற்றி வைப்பதை டாக்டர்கள் இன்றும் ரிடக்‌ஷன் என்றுதான் சொல்கிறார்கள். போதை விஷயத்தில் இந்தச் சொல் பரவியது 1980களில், எய்ட்ஸ் பரவிய காலத்தில். 1990இல் லிவர்பூலில் இதற்கென்றே முதல் சர்வதேச மாநாடு நடந்தது. ஊசியை விட முடியாதவனுக்குப் புது ஊசியாவது கொடு, ஒரே ஊசியைப் பலர் போடுவதால் தொற்றும் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோயும் வராமல் உயிரோடு இருந்தால்தானே நாளைக்கு விடுவான் என்பதுதான் இதன் சாரம்.

நம் நாட்டில் இந்த ஊசிக்கும், ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரைக்கும் அரசுப் பணம் பெரும்பாலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக் கணக்கில்தான் வருகிறது. நல்ல வேலை, ஆனால் அளவு மீறிச் சாவது வேறு கணக்கு. ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு வகை மருந்து மிஞ்சினால் மூளை மூச்சு விடுவதையே மறக்கிறது, உதடு நீலமாகிறது, கூட இருப்பவர்கள் தூங்குகிறான் என்று விட்டுவிடுகிறார்கள். அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அரை மணி, ஒன்றரை மணி நேரத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும் என்பதால் 108-ஐக் கூப்பிட்டே ஆக வேண்டும். இப்படி ஒருவன் விழும்போது பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையில் இந்த மருந்து இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் நலாக்சோனைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுவரெல்லாம் ‘போதை ஒழிப்பு’ என்று எழுதியிருக்கிறோம், அதில் போதையில் கிடப்பவனுக்கு இடமே இல்லை. என் தேர்வு தீங்கு தணிப்பு. தாகம் தணியும், காய்ச்சல் தணியும், கோபம் தணியும். நோயின் முதல் நாடச் சொன்ன வள்ளுவரும் அடுத்து ‘அதுதணிக்கும் வாய்நாடி’ என்றுதான் சொல்கிறார். தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர், ஏன் வெயிலில் வந்தாய் என்று கேட்டுவிட்டா மோர் ஊற்றுகிறார்? அரசின் பட்ஜெட்டில் இந்தப் பெயரில் ஒரு தலைப்பு இருந்தால், மருந்துக்கும், அதைப் போடப் பழக்குவதற்கும் பணம் கேட்க ஓர் இடம் கிடைக்கும்.

தணிப்பு என்று சொல்லி அக்காவிடம் மறுபடி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வரைக்கும் மூச்சு தாங்குமாப்பா? அந்த மருந்தை நம்ம வீட்டுலயே வெச்சுக்கக் கூடாதா?”